பத்தில் ஒரு குழல்

காலை எட்டேகால் மணிக்கு அன்ஸார் நானா போனில் கோல் எடுத்தபோது நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"லிங்கம், எனக்கு பொலிஸ் ஸ்டேசன்லேந்து கோல் ஒண்டு வந்திச்சி," என்றார். "அந்தச் சாமானோட ரெண்டு மணிக்கு வரட்டாம். ரெண்டு பேரையும்."

எந்தச் சாமான் என்று நான் கேட்கவில்லை. வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"நீ பயப்புடாத. ஸ்டேசன் ஓஐசிக்கிட்ட நான் வெளக்கமா செல்லிட்டேன். பத்துக் குழலும் கட்டிப் பித்தளை சேர், ஒண்டுலயும் ஓட்டை இல்ல, ஊசிய வுட்டுப் பாருங்க, ஊசி உள்ள போனா என்னையும் உள்ள போடுங்க எண்டு செல்லிட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. ஆறேழு வருடமாக அந்தக் குரலில் நான் கேட்காத தெம்பு.

"நல்லது நானா," என்றேன். வேறு என்ன சொல்ல? போனை வைத்த பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால், பத்தில் ஒன்றில் ஊசி போகும்.

என் பெயர் முத்துலிங்கம். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் இருபத்தாறு வருடமாக பிட்டர் வேலை பார்க்கிறேன். ரோலர் நின்றால், பெல்ட் அறுந்தால், காற்றாடி முனகினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்ஸார் நானாவுக்கு, அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன், ஹட்டன் பஜாரில் ஹார்ட்வெயார் கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அந்த அறைக்குள் ஒரு சின்ன லேத். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மற்ற ஆம்பிளைகள் கிரிக்கெட் பார்க்கிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டு அங்கே பித்தளை சீவிக்கொண்டிருப்போம். முதலில் கையளவில் ஒரு நீராவி இயந்திரம் செய்தோம். பிறகு ஒரு குட்டித் தேயிலை ரோலர். ஒரு பிடி கொழுந்தைப் போட்டால் உண்மையிலேயே உருட்டித் தரும். மூன்றாவதாகச் செய்ததுதான் இந்தச் சனியன்.

கேட்லிங் என்று ஒரு பழைய அமெரிக்கத் துப்பாக்கி. நூற்றறுபது வருடத்துக்கு முந்தியது. பத்துக் குழல்களை ஒரு கட்டாகக் கட்டி, இரண்டு பெரிய சக்கரத்துக்கு நடுவே ஏற்றி வைத்திருப்பார்கள். பின்னால் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பத்துக் குழலும் சேர்ந்து சுற்றும். ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் ஒரு தண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும். வெளிநாடுகளில் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் இதைச் சின்னதாகச் செய்து இணையத்தில் படம் போடுகிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சுடுவதில் எனக்கு ஆசை இல்லை, ஒரு கோழியைக்கூட நான் அறுத்ததில்லை. ஒரே ஒரு கைப்பிடியைச் சுற்ற இத்தனை உறுப்புகள் ஒன்றோடொன்று மோதாமல் ஓடுகின்றனவே, அந்த ஓட்டம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"ஒலகத்துல செய்றதுக்கு வேற சாமானே கெடைக்கலியா ஒங்க ரெண்டு பேத்துக்கும்?" என்று என் மனைவி வினோதா கேட்டாள். "ஒரு நல்ல இடியப்ப ஒரலு செஞ்சி குடுத்தா எனக்காச்சும் ஒதவும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இடியப்ப உரலில் பல்சக்கரத்துக்கு நான் எங்கே போவேன்?

அன்ஸார் நானாவைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு வருடம் பிடித்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் ஆட்களின் கடைகளையெல்லாம் சோதித்த நாட்களில் அவருடைய கடையிலும் சோதனை நடந்தது. இயந்திரங்களுக்குப் போடுகிற பெயாரிங் குண்டுகள் ஒரு பெட்டி அகப்பட்டன. ஹார்ட்வெயார் கடையில் பெயாரிங் குண்டு இல்லாமல் கருவாடா இருக்கும்? இறக்குமதிப் பில்லை அவர் எடுத்து நீட்டியும் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. பதினொரு நாள் எங்கோ வைத்திருந்துவிட்டு, வழக்கு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தது வேறு ஒரு அன்ஸார் நானா. கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். அந்தப் பதினொரு நாளைப் பற்றி நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் நச்சரித்து நச்சரித்துத் துப்பாக்கி செய்ய வைத்தேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"குழல்ல ஓட்டை ஈக்கப்படாது லிங்கம். வாயில மட்டும் சும்மா ஒரு குழி போடு, பார்வைக்கி. உள்ளுக்குக் கட்டியா ஈக்கணும். நாளைக்கி எவன் வந்து கேட்டாலும் நான் தைரியமா எடுத்து நீட்டணும்."

"சரி நானா," என்றேன். குர்ஆனில் அடித்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். அவ்வளவு ஆசை.

இந்த வருடம் பெப்ரவரியில் அவர் மகளுடைய பிரசவத்துக்காக ஒரு வாரம் அக்குறணையில் போய் நின்றார். அறைச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். ஒன்பது குழல் முடிந்திருந்தது. பத்தாவதை நான் தனியாகச் செய்யவேண்டும். சாண் நீளப் பித்தளைக் கம்பி லேத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு நீளமான மெல்லிய ட்ரில் கிடந்தது. மெல்லிய துளையை அவ்வளவு நீளத்துக்கு நேராகக் கொண்டுபோவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு ட்ரில் விலகி, மறுமுனையில் ஓரத்தில் வந்து எட்டிப் பார்க்கும். என்னால் முடியுமா என்று எனக்கே ஒரு அரிப்பு. அரிப்புத்தான். வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு துளைத்தேன். மறுமுனையில் துளை நட்டநடுவில் வந்து நின்றது. நான் தனியாக அந்த அறைக்குள் கை தட்டிச் சிரித்தேன். இந்த மாவட்டத்திலேயே அதன் அருமை தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார், அவரிடம்தான் அதைச் சொல்ல முடியாது. கழித்துப் போட்டுவிட்டு வேறொன்று செய்திருக்கவேண்டும். மனசு வரவில்லை. மற்ற ஒன்பதோடு சேர்த்துப் பூட்டிவிட்டேன். வெளிப்பார்வைக்குப் பத்தும் ஒன்றுதான்.

எட்டு மாதம் ஒருவருக்கும் தெரியாது. நானே பாதி மறந்துவிட்டேன்.

அந்தக் கோல் வந்ததற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் பெக்டரி வேர்க்‌ஷொப்பில் வருடாவருடம் சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்போம். இந்த முறை கேட்லிங்கையும் நடுவில் வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. "கொண்டு போ, ஒங்கட ஆக்களும் பாக்கட்டும்," என்று அன்ஸார் நானாவும் பிஸ்கட் டின்னில் வைத்துத் தந்தார். வினோதா ஒவ்வொரு குழல் வாயிலும் சந்தனம் வைத்தாள். என் மகள் கேஷிகா தரையில் மண்டியிட்டுப் போனில் படம் எடுத்தாள்.

இந்த மாதிரிச் சாமான் செய்கிறவர்கள் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ காசோ வைப்பார்கள், அளவு தெரிவதற்காக. அங்கேயும் கற்பூரம் ஏற்றுகிற தீப்பெட்டி ஒன்று பக்கத்தில்தான் இருந்தது. படத்துக்கு அசிங்கமாக இருக்கிறது என்று பிள்ளை அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டாள். தரையோடு தரையாக வைத்து எடுத்த படத்தில் அது ஆள் உயரப் பீரங்கியாக நின்றது. குழல் வாய்களில் சந்தனம், பின்னால் விளக்கு. கீழே எழுதியிருந்தாள்: 'அப்பாவும் ஹட்டன் அன்ஸார் மாமாவும் செஞ்சது. மூணு வருச உழைப்பு.'

விடியும்போது அந்தப் படம் எங்களுக்குத் தெரியாத எத்தனையோ பேரின் பக்கங்களில் ஏறிவிட்டது. கேஷிகா அழுதுகொண்டே எனக்குக் காட்டினாள். சிங்களத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: 'ஹட்டன் முஸ்லிம் கடையில் இயந்திரத் துப்பாக்கி தயாரிப்பு.' என் பெயர் அதில் இல்லை. அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

"அழிச்சிட்டேன்ப்பா. ஆனா மத்தவங்க போட்டத அழிக்க முடியல," என்றாள் பிள்ளை. அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அவள் அப்புறப்படுத்தியது ஒரு தீப்பெட்டி. நான் செய்த வேலைதான் இப்போது ஆளைக் கொல்லப் போகிறது.

ஒன்பது மணிக்கு வேர்க்‌ஷொப்புக்கு ஓடினேன். நினைத்தது இதுதான்: அந்தக் குழலைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டிக் கம்பியை வெட்டிச் செருகிவிடவேண்டும். ஒரு மணி நேர வேலை. ஆனால் அதற்கு என் ரம்பம் வேண்டும், அரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பொடி நட்டுக்காக நானே செய்த குட்டி ஸ்பேனர் வேண்டும். உலகத்தில் வேறு எந்த ஸ்பேனரும் அந்த நட்டில் உட்காராது. அது வெள்ளைத் துணியின் மேல், நெற்றியில் குங்குமத்தோடு படுத்திருந்தது.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை தொடக்கூடாது. ஐயர் தொழிலாளர் லயத்துக் கோயிலை முடித்துக்கொண்டு வர நாலு மணியாகும். வாசலில் ராக்காயி அக்கா உட்கார்ந்திருந்தார். பெக்டரி கூட்டுகிறவர், விளக்கு அணையாமல் எண்ணெய் ஊற்றுவது அவர் பொறுப்பு. இந்தப் பொறுப்பு வந்துவிட்டால் தோட்டத்துத் துரைக்கும் வழி விடமாட்டார்.

"அக்கா, இந்த சின்னத் துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போறேன். பொலிஸ்ல பாக்கணுமாம்."

"அது வெளையாட்டுச் சாமான். எடுத்துக்க," என்றார். நாள் முழுவதும் அந்த உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"ஒரு ஸ்பேனரும் வேணும்."

"அதுல கைய வைக்காத முத்துலிங்கம்."

"அவசரம் அக்கா. ஒரு மணி நேரத்துல கொண்டாந்து வச்சிர்றேன்."

"போன வருசத்துக்கு மொத வருசம் எலெக்ட்ரீசியன் தம்பி அவசரமின்னுதான் குறடு எடுத்தான். தைப்பொங்கலுக்கு முன்னுக்கு வெரலு போச்சு. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த விரலை ரோலருக்குள்ளிருந்து எடுத்ததே நான்தான். பொலிஸுக்கும் பயம், சாமிக்கும் பயம் என்றால் மனிதன் எந்தப் பக்கம்தான் ஓடுவான்? கையை நீட்டினேன். ஸ்பேனருக்கு அரை அடி முன்னால் கை நின்றுவிட்டது. ராக்காயி அக்கா என்னைத் தடுக்கவில்லை, இடத்தைவிட்டு எழும்பக்கூட இல்லை. அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன், ஆனால் நின்றது என் கை. இருபத்தாறு வருடம் பத்து விரலோடு இருக்கிற பிட்டர் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்த நேரத்தில் அன்ஸார் நானாவைவிட என் விரல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

கேட்லிங்கை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மெழுகு உருக்கிப் பார்த்தேன், நிறம் காட்டிக்கொடுத்தது. சவர்க்காரத்தைத் திணித்துப் பார்த்தேன், அது வழுக்கி வெளியே வந்தது. கடைசியில் வினோதாவின் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கெட்டியாகக் குழைத்து அந்த ஓட்டைக் குழலின் வாயில் அடைத்தேன். மற்ற ஒன்பதிலும் அதே அளவு அப்பினேன். பார்த்தால் பத்தும் ஒன்றாக, சாந்தமாக இருந்தன.

"நானாகிட்ட சொல்லிருங்களேன்," என்றாள் வினோதா. அப்போதுதான் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "போன எடுத்து இப்பவே சொல்லிருங்க. தெரிஞ்சா அவரு வேற மாதிரிப் பேசுவாரில்ல."

மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் 'ஊசி உள்ள போனா என்னையும் உள்ள போடுங்க' என்ற அந்தத் தெம்பான குரல் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஒரு மணி பஸ்ஸில் ஏறினேன். மடியில் பிஸ்கட் டின். பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாயும்போது டின்னுக்குள் அது உருண்டு 'டங்' என்று முட்டியது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பிஸ்கட்டா தம்பி? எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். டின்னை மடியோடு இறுக்கிக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. ஹட்டனுக்குச் சற்று முன்னால் இரண்டு பொலிஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர்கள் டிரைவரிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெயில் இல்லாத அந்தக் குளிரில் என் நெற்றியிலிருந்து வியர்வை டின் மூடியில் சொட்டியது.

ஸ்டேசன் வாசலில் அன்ஸார் நானா எனக்கு முன்னமே வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு சின்னத் துணிப்பை.

"பையில என்னா நானா?"

"சும்மா. மாத்திக் கட்ட ஒரு சாரம், ஒரு பிரஷ். உம்மு குல்சும் வச்சா. வேணாம் எண்டேன், கேக்கல்ல." சிரிக்கப் பார்த்தார். அவர் மனைவி அந்தப் பையை எப்படி மடித்து வைத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடவேண்டும், இந்த நிமிடமே என்று வாயைத் திறந்தேன்.

"நானா, ஒரு விசயம்…"

"ஹா, என்ட, என்ட," என்று உள்ளேயிருந்து கொன்ஸ்டபிள் சிங்களத்தில் வரச்சொல்லிக் கூப்பிட்டார். அன்ஸார் நானா விறுவிறுவென்று படியேறிவிட்டார். அதிகாரிகளைக் காக்க வைக்கக்கூடாது என்பது அந்தப் பதினொரு நாளில் அவர் படித்த பாடம் போலிருக்கிறது.

ஸ்டேசன் பொறுப்பதிகாரியான ஓஐசி ஐம்பது வயது தாண்டிய அமைதியான மனிதர். கத்தியிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். போனிலிருந்த படத்தையும் மேசை மேல் நான் எடுத்து வைத்த சாமானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்று சிங்களத்தில் கேட்டார். "நான் லொறி ஒன்று கேட்டு வைத்திருந்தேனே."

பின்னால் நின்ற சார்ஜன்ட் சிரித்தார். அன்ஸார் நானாவும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஓஐசி ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து நிமிர்த்தினார். "ஓட்டை இல்லை என்று சொன்னீர்கள், பார்ப்போம். இது என்ன மஞ்சள்?"

"பூஜைச் சந்தனம் சேர்," என்றேன்.

மரியாதையாகத் தலையசைத்தார். அன்ஸார் நானா தானாகவே முன்னே வந்து கைப்பிடியைப் பிடித்து, முதல் குழலை மேலே கொண்டுவந்து நிறுத்தினார். கம்பி சந்தனத்தைக் குத்திக்கொண்டு போய்க் குழியின் அடியில் 'டிக்' என்று முட்டியது. கைப்பிடியைச் சுற்றினார். இரண்டாவது, டிக். மூன்றாவது, டிக். மூன்று வருடம் நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்த சக்கரங்கள் வெண்ணெய்போல ஓடின. அன்ஸார் நானாவின் முகம் ஒவ்வொரு 'டிக்'குக்கும் மலர்ந்துகொண்டே வந்தது. சுற்றிய சுற்றில் எது அந்தக் குழல் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

ஆறாவதும் 'டிக்' என்றது. ஓஐசி கம்பியை மேசையில் போட்டார்.

"போதும். எழுதிக்கொள்," என்றார் சார்ஜன்டிடம். "விளையாட்டுப் பொருள்."

அம்மா தாயே என்று மனசுக்குள் கும்பிட்டேன். காலையிலிருந்து இழுக்காத மூச்சை அப்போதுதான் இழுத்தேன்.

"இல்ல சேர்," என்றார் அன்ஸார் நானா. சிங்களத்தில், பணிவாக. "இன்னும் நாலு இருக்கிறது. நாலையும் பார்த்துவிட்டு, பத்தும் கட்டி என்று எழுதுங்கள். அந்தக் கடதாசியில் ஒரு கொப்பி எனக்கும் வேண்டும். அன்றைக்குப் பில்லைப் பார்க்காமல்தான் என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்."

மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். "மன்னிச்சிக்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் தன் காலை இழுத்துக்கொண்டார்.

ஓஐசி பெருமூச்சு விட்டுக் கம்பியை மறுபடி எடுத்தார். ஏழாவது, டிக். அன்ஸார் நானா கைப்பிடியைச் சுற்றினார். எட்டாவதில் கம்பி இறங்கி நின்றது. சத்தம் வரவில்லை, ஆனால் நின்றது. காய்ந்த சந்தனம் தாங்கிக்கொண்டது. எடுத்துவிடுங்கள் சேர், எடுத்துவிடுங்கள் என்று என் உதடு அசைந்தது. அவர் புருவத்தைச் சுருக்கி இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கம்பி சரசரவென்று முழுதும் உள்ளே போய், அவருடைய விரல் நுனி குழல் வாயில் முட்டியது.

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்தினார். கொன்ஸ்டபிள் போய்க் கதவைச் சாத்தினார். அன்ஸார் நானா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, தன்னுடைய கை அல்ல என்பதுபோலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவி கொடுத்தது, அக்குறணைப் பயணம், பத்தாவது குழல், எல்லாம்.

"நான்தான் சேர் துளைத்தேன்," என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த ஓட்டைச் சிங்களமும் தடுமாறியது. "நான் மட்டும்தான். இவருக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது."

ஓஐசி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று அன்ஸார் நானாவிடம் கேட்டார். அதுவரை இருந்த மரியாதை அந்தக் கேள்வியில் இல்லை.

தெரியாது என்று அவர் சொல்லவேண்டியதுதான். அது உண்மை. நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன், அதைத் திருப்பிச் சொன்னால் போதும்.

"தெரியும் சேர்," என்றார்.

"நானா!" என்றேன்.

"என்னுடைய லேத். என்னுடைய அறை. எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது."

"அப்படியென்றால் போனில் ஏன் பொய் சொன்னாய்?"

"பயத்தில் சேர்."

எங்கள் போன்களை வாங்கிக்கொண்டார்கள். அன்ஸார் நானாவின் துணிப்பையை மேசையில் கொட்டினார்கள். சாரம், பல் பிரஷ், ஒரு துண்டுச் சவர்க்காரம், கடதாசியில் சுற்றிய மாத்திரைகள். "ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறாய்," என்று சொல்லிவிட்டு ஓஐசி மேலிடத்துக்குப் போன் எடுக்க உள்ளே போனார். எங்கள் இரண்டு பேரையும் நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

இரண்டரை மணியிலிருந்து அங்கேயே இருந்தோம். வெளியே ஜீப் ஒன்று வந்து நிற்கும்போதெல்லாம் அன்ஸார் நானாவின் முழங்கால் ஆடும். அவர் அதைக் கையால் அமுக்கிப் பிடிப்பார். ஜீப் போன பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே போனில் எங்கள் பெயர்கள் அடிபட்டன. கொழும்பு என்ற சொல் இரண்டு தடவை கேட்டது. என்னை எங்கே கொண்டுபோவார்கள், கேஷிகாவின் பரீட்சை என்னவாகும், இருட்டறையில் என்ன கேட்பார்கள் என்று என் மனசு கண்டபடி ஓடியது. பக்கத்தில் இருந்த மனிதருக்கு அதெல்லாம் ஏற்கனவே தெரியும் என்பதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"ஏன் நானா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கடைசியில் கேட்டேன். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்கள இந்நேரம் விட்ருப்பாங்களே."

அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

"அந்தப் பதினொரு நாளும் என்னய ஒருத்தரும் அடிக்கல்ல. சோறு தந்தாங்க. ஆனா நான் தனியா ஈந்தேன் லிங்கம். ராவா பகலா எண்டு தெரியாது. நான் உசுரோட ஈக்கிறது வெளிய யாருக்காச்சும் தெரியுமா எண்டும் தெரியாது. என்ட பேரையே நான் சத்தமா செல்லிப் பாப்பேன், மறந்துடுவேனோ எண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்குள்ள ஒன்ன தனியா அனுப்ப எனக்கு ஏலாது. எனக்குப் புடிக்காத மனுசனையும் நான் அதுக்குள்ள தனியா அனுப்ப மாட்டேன்."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். கோபமாக இழுக்கவில்லை, மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓட்டை போட்டத்துக்கு இல்ல," என்றார். "எட்டு மாசம் நீ எனக்குப் பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிச்சே. இன்டைக்கிக் காலைல நான் கோல் எடுத்தப்பயும் 'நல்லது நானா' எண்டே. நான் அங்க நிண்டு, பாருங்க சேர் பாருங்க சேர் எண்டு கைப்பிடியச் சுத்துறேன், நீ பாத்துக்கிட்டு ஈக்கிறாய்."

அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி சரியாகப் போட்டுக்கொண்டார்.

"இங்க எத்தன நாள் வச்சாலும் நான் ஒன்னோட ஈப்பேன். பயப்புடாத. ஆனா வெளிய போனத்துக்குப் பொறகு கடைக்கி வராத. எனக்குக் கோலும் எடுக்காத."

இரண்டு பேரும் தோள் முட்ட அந்தச் சின்னப் பெஞ்சில் இருந்தோம்.

ஐந்து மணிபோல ஆயுதங்களைப் பற்றித் தெரிந்த ஒரு அதிகாரி வந்து உள்ளே போனார். கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. தோட்டா வைக்க இடமே இல்லை, பின்பக்கம் எல்லாம் கட்டி, பித்தளைப் பொம்மை என்று அவர் சொல்வது எங்களுக்கும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓஐசி கடதாசிகளோடு வெளியே வந்தார். சாமான் ஸ்டேசனில் இருக்கும், கூப்பிட்டால் வரவேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டோம். போன்களைத் தந்தார்கள்.

"நீங்கள் இரண்டு பேரும் போகலாம்," என்றார்.

அன்ஸார் நானா எழுந்தார். சாரத்தை மடித்துப் பையில் வைத்தார், பிரஷை வைத்தார், மாத்திரைகளைத் தேடி எடுத்து வைத்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்கவில்லையா? போகலாம்," என்று ஓஐசி என்னிடம் மறுபடி சொன்னார்.

நான் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போகப் பயமாக இருந்தது.